பிழையைக் கணக்கில் வைக்கும் கருவி

மனிதரின் குரலும், நாதசுரத்தின் இசையும், ஓலைக்கூரையில் விழும் மழையின் ஓசையும் காற்றிலே பிறக்கும்போது இடையறாத அலைகளாகவே பிறக்கின்றன. அவற்றிற் படிகள் இல்லை, வெட்டுக்கள் இல்லை. ஆற்றுநீர் ஒழுகுவதுபோல அவை ஒரே ஒழுக்காக வந்து செவியை அடைகின்றன. ஆனால், இன்று ஒலியைப் பதிந்து வைக்கும் கருவிகளும், அதனைத் தொலைவிலுள்ளோருக்கு அனுப்பும் கருவிகளும் பெரும்பாலும் எண்களை மட்டுமே அறிந்தவை. கைபேசியிலே பேசும் ஒருவரது குரல் மறுமுனையை அடையுமுன் எண்களின் வரிசையாக மாறுகின்றது. மறுமுனையில் அவ்வெண்கள் மீண்டும் அலையாகின்றன. ஆகவே, அலைக்கும் எண்ணுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் ஓர் உறுப்பு இத்தகைய கருவிகள் யாவற்றிலும் உண்டு.

அவ்வுறுப்புக்களுள் ஒலித்துறையில் இன்று பெரிதும் வழங்குவது டெல்டா-சிக்மா பண்பேற்றி எனப்படும். டெல்டா, சிக்மா என்பன கிரேக்க எழுத்துக்களின் பெயர்கள். கணித நூலார் முன்னதை வித்தியாசத்துக்கும், பின்னதைக் கூட்டுத்தொகைக்கும் குறியீடாக வழங்குவர். வித்தியாசம் காணுதல், கூட்டுதல் என்னும் இரண்டு எளிய தொழில்களே இக்கருவிக்கு அடிப்படை. அதன் எளிய வடிவில், அதன் வாயிலிருந்து வரும் சொற்களும் இரண்டே: ‘ஆம்’, ‘இல்லை’. இரண்டு சொற்களை மட்டும் அறிந்த ஒன்று, வீணையின் நுண்ணிய கமகங்களை எங்ஙனம் எடுத்துரைக்க வல்லதாகின்றது? அவ்வாறு எடுத்துரைப்பதற்கு அது கொடுக்கும் விலை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

அலையை எண்ணாக்குவதில் இரண்டு காரியங்கள் உள. ஒன்று, அலையின் உயரத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளத்தல். மற்றது, அளந்த உயரத்தை அதற்கு மிக அண்மையிலுள்ள ஓர் எண்ணாகக் குறித்தல். முதலாவது காரியத்தில் இழப்பு நேர வேண்டியதில்லை. ஓர் அலையிலுள்ள அதிவிரைவான அதிர்வின் இரு மடங்குக்கு மேற்பட்ட விரைவில் அளந்தால், அவ்வளவைகளைக் கொண்டே அலையை முற்றாக மீளப் பெறலாம். இவ்வுண்மைக்கு 1928இல் அமெரிக்காவில் ஹரி நைக்குவிஸ்ற் அடிகோலினார். 1933இல் சோவியத் நாட்டில் கொத்தெல்னிக்கோவும், 1949இல் அமெரிக்காவில் குளோட் ஷனனும் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தனர். மனிதச் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே உணரும். ஆதலால், 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒலி செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது.

இரண்டாவது காரியத்திலேயே இழப்பு நேர்கின்றது. இறுவட்டில் ஒவ்வோர் அளவையும் 16 துவித இலக்கங்களால் எழுதப்படுகின்றது. துவித இலக்கம் ஒன்றைப் பிற்று என்பர். 16 பிற்றுக்களால் 65,536 படிகளைக் குறிக்கலாம். அலையின் உயரம் இரு படிகளுக்கு இடையே நிற்குமாயின், அண்மையிலுள்ள படிக்கு அது தள்ளப்படும். அங்ஙனம் தள்ளுவதால் விளையும் சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து இரைச்சலாகச் செவியில் விழும். படிகள் நுண்ணியவாக ஆக, இரைச்சல் குறையும். பிற்று ஒன்று கூடினால் படியின் உயரம் பாதியாகும், இரைச்சலும் பாதியாகும்.

ஒலியை இவ்வாறு எண்களாக அனுப்பும் எண்ணம், 1937இல் பாரிஸ் நகர ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்த ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ் என்பவருக்கு உதித்தது. எண்ணம் எளிது, அதனை மிக நுட்பமாகச் செய்து முடித்தலோ அரிது. தராசையும் 16 நிறைக்கற்களையும் நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். மிகச் சிறிய கல்லின் நிறை 1; அடுத்தது 2; அதற்கடுத்தது 4. இவ்வாறு இரட்டித்துச் சென்றால் மிகப் பெரிய கல்லின் நிறை 32,768 ஆகும். ஏனைய 15 கற்களையும் ஒருங்கே வைத்தால் 32,767. நிறை 32,767இலிருந்து 32,768க்கு ஏறும்போது சிறு கற்கள் பதினைந்தையும் எடுத்துவிட்டுப் பெருங்கல்லை வைக்க வேண்டும். அப்பெருங்கல்லில் 30,000இல் ஒரு பங்கு தவறு இருந்தாலும், மிகச் சிறிய கல் இருந்தும் பயனில்லை.

மின்சுற்றில் நிறைக்கற்களின் இடத்தைத் தடையிகளோ சிறு மின்னோட்டங்களோ பெறுகின்றன. அவற்றை அத்துணைத் திருத்தமாக ஒரு சிலிக்கன் சில்லில் ஆக்குவது பெருஞ் செலவான வேலை. இதில் மற்றுமொரு தொல்லையும் உண்டு. ஒலியலையின் அமைதி நிலை அளவுகோலின் நடுவே இருக்கின்றது. பெருங்கல்லைச் சிறு கற்களுக்கு மாற்றும் இடமும் அந்நடுவே. ஆகையால், கற்களின் தவறு உரத்த ஒலியிலும் பார்க்க மெல்லிய ஒலியிலேயே மிகுதியாகத் தெரியும். ஒரு பாடகர் மெல்லக் குரலைத் தாழ்த்தும் வேளையிலேதான் கருவியின் குறை வெளிப்படும்.

இக்குறையைத் திருத்தமான கற்களாலன்றி வேறு வழியால் நீக்கலாமா? அதற்கு ஒரு வீட்டுக் கணக்கு வழிகாட்டும்.

ஒரு வீட்டார் நாள்தோறும் 37 ரூபாய்க்குப் பால் வாங்குகின்றனர் என்று கொள்வோம். அவர்களிடம் 100 ரூபாய்த் தாள்கள் மட்டுமே உண்டு. பால்காரரிடம் சில்லறை இல்லை. ஒரு நாளிற் செய்யக்கூடியவை இரண்டே: ஒரு தாள் கொடுத்தல், அல்லது கொடாதிருத்தல். அவ்வீட்டார் ஒவ்வொரு நாளும் நேற்றையதை மறந்துவிட்டு, ‘37 என்பது 50இலும் குறைவு, ஆகவே கொடுக்க வேண்டியதில்லை’ என்று தீர்மானித்தால், பால்காரருக்கு என்றுமே பணம் கிடையாது. திருவுளச்சீட்டுப் போட்டு நூற்றுக்கு 37 வாய்ப்பு என்ற கணக்கிற் கொடுத்தால், 100 நாள்களில் ஏறக்குறைய 37 தாள்கள் போகலாம். ஆனால் ஐந்து தாள் கூடுவதும் குறைவதும் சாதாரணமாக நிகழும்.

மூன்றாவது வழி, ஒரு கொப்பியில் நிலுவையை எழுதி வைத்தல். முதல் நாள் நிலுவை 37. இரண்டாம் நாள் 74. மூன்றாம் நாள் 111. நிலுவை நூறைத் தாண்டியதும் ஒரு தாள் கொடுக்கப்படுகின்றது; மீதி 11. ஆறாம் நாள் நிலுவை 122 ஆகின்றது. மீண்டும் ஒரு தாள். அடுத்த தாள்கள் ஒன்பதாம் நாளும் பதினோராம் நாளும் போகின்றன. இவ்வாறு 100 நாள் சென்றபின் பார்த்தால், கொடுத்த தாள்கள் சரியாக 37. எந்த நாளிலும் நிலுவை 100 ரூபாயை எட்டி நிற்பதில்லை. ஆகவே, 10 நாளின் சராசரியை எடுத்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய்க்குட்பட்ட பிழை இருக்கலாம். 100 நாளின் சராசரியில் அப்பிழை 1 ரூபாய்க்குள் அடங்கும். 1,000 நாளின் சராசரியில் 10 சதத்துக்குள் அடங்கும். தாள் மாறவில்லை; அது 100 ரூபாய்த் தாளே. கணக்கை மறவாமையாலேயே திருத்தம் பிறந்தது.

டெல்டா-சிக்மா பண்பேற்றியின் உட்பொருள் இதுவே. நாளின் இடத்தில் ஒரு செக்கனின் மிகச் சிறிய பகுதி நிற்கின்றது. பாலின் விலை, அக்கணத்தில் வந்த ஒலியலையின் உயரம். 100 ரூபாய்த் தாள், ‘ஆம்’ என்னும் ஒற்றைப் பிற்று. கொப்பியின் தொழிலைக் கொள்ளளவி ஒன்று மின்னேற்றத்தைச் சேர்த்து வைப்பதனாற் செய்கின்றது. வரும் அலையிலிருந்து சற்றுமுன் கொடுத்த விடையைக் கழிப்பது டெல்டா. மீதியை நிலுவையோடு சேர்ப்பது சிக்மா. நிலுவை ஓர் எல்லைக்கு மேலா கீழா என்று பார்த்து விடை கூறும் சிறு உறுப்பொன்றும், அவ்விடையை மீண்டும் வாயிலுக்கு அனுப்பும் பின்னூட்டல் வழியொன்றும் சேர்ந்தால் கருவி முடிந்தது. ஒலி மிக உயர்ந்திருக்கும்போது ‘ஆம்’ என்னும் விடைகள் அடர்ந்து வரும். தாழ்ந்திருக்கும்போது அவை அருகி வரும். அமைதியில் ‘ஆம்’ பாதி, ‘இல்லை’ பாதி. அவ்விடைகளின் அடர்த்தியே ஒலியின் வடிவம்.

இரண்டே விடைகள் உள்ளமையால் ஒரு பெரும் நன்மையும் கிட்டுகின்றது. இரண்டு புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவற்றை இணைப்பது ஒரு நேர்கோடே. தாளின் பெறுமதி 100 ரூபாயாக அன்றி 101 ரூபாயாக இருந்தாலும், ஒலி சிறிது மாற்றுக் குறையுமேயன்றி அதன் வடிவம் திரியாது. 16 நிறைக்கற்களையும் ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டிய தொல்லை இங்கு இல்லை.

எனினும், பிழை மறைந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. ஒவ்வொரு கணமும் 37க்குப் பதிலாக 0 அல்லது 100 என்று கூறும் கருவியின் பிழை மிகப் பெரிது. நிகழ்ந்தது யாதெனில், அப்பிழை இடம் மாறியதே. நிலுவையைக் கொப்பி விடாது தீர்த்துக்கொண்டிருப்பதால், மெல்ல மாறும் பிழை எதுவும் நிலைப்பதில்லை. எஞ்சுவது மிக விரைவாக மேலுங் கீழும் துடிக்கும் பிழை மட்டுமே. வளவைக் கூட்டுபவர் குப்பையை நடுமுற்றத்திலிருந்து வேலியோரத்துக்கு ஒதுக்குவது போன்றது இது. உண்மையில் வேலியோரத்துக் குப்பை முன்னையிலும் பார்க்கக் கூடிவிடுகின்றது. ஆனால் முற்றம் தூய்மையாகின்றது. செவி உணரும் மெல்லிய அதிர்வுகளின் பகுதி முற்றம். செவிக்கு எட்டாத விரைவான அதிர்வுகளின் பகுதி வேலியோரம். பின்னர் ஒரு வடிகட்டி அவ்வோரத்தை வெட்டி நீக்கிவிடும். ஆகவே, வளவு பெரிதாக இருத்தல் இன்றியமையாதது. இறுவட்டின் விரைவைப் போல 64 மடங்கில், அஃதாவது செக்கனுக்கு 2,822,400 தடவை விடை கூறும் கருவியில், ஒலிக்குரிய முற்றம் முழு வளவின் 64இல் ஒரு பங்கு மட்டுமே.

இம்முறை ஒரே நாளில் ஒருவர் கையில் உருவானதன்று. 1946இல் பிரான்சில் டெல்டா பண்பேற்றம் என்னும் முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1952இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டி யாகர் அதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அம்முறையில், ஒலி முன்னைய நிலையிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பது மட்டும் அனுப்பப்படும். பெறுநர் அவற்றைக் கூட்டி அலையை மீள ஆக்குவார். ஆனால் வழியில் ஒரு விடை பிறழ்ந்தால், பெறுநரின் கூட்டுத்தொகை அதற்குப்பின் பிறழ்ந்தே நிற்கும். அலை செங்குத்தாக ஏறினால் கருவி அதனைத் தொடரமாட்டாது பின்தங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கட்லர் என்பவர், ஓர் அளவையில் நேர்ந்த பிழையை அடுத்த அளவையிற் கழித்துவிடும் முறைக்கு 1954இல் காப்புரிமை கோரினார். 1960இல் அது வழங்கப்பட்டது.

1962இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனொசே, யசுதா, முரகாமி என்னும் மூவரும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தனர். தொலைவிலிருந்து அளவீடுகளை அனுப்புவதே அவர்களின் நோக்கம். பெறுநரிடம் இருந்த கூட்டும் உறுப்பை அவர்கள் அனுப்புநரின் வாயிலுக்கு முன்னே கொணர்ந்தனர். அப்போது அனுப்புநரிடம் வருவதைக் கூட்டும் உறுப்பொன்றும், போவதைக் கூட்டும் உறுப்பொன்றும் இருந்தன. இரண்டையும் கூட்டிப் பின் கழிப்பதும், முதலிலே கழித்துப் பின் கூட்டுவதும் ஒரே விடையையே தரும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. ஆகவே இரண்டு உறுப்புக்கள் ஒன்றாயின. பெறுநருக்கு ஒரு வடிகட்டி மட்டும் போதுமாயிற்று. வழியிற் பிறழ்ந்த விடை, சிறிது நேரத்தில் தானே மறைந்தது. அம்மூவரும் இட்ட பெயர் டெல்டா-சிக்மா. பிற்காலத்திற் பெல் ஆய்வுகூடத்தார் வழங்கிய பெயர் சிக்மா-டெல்டா. இரண்டு பெயர்களும் இன்றுவரை வழக்கில் உள்ளன, பொருள் ஒன்றே.

1962இற் பிறந்த முறை, ஒலித்துறையிற் பரவுவதற்கு ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன? பண்பேற்றியின் பணி எளிது. அதன் பின்னே வரும் கணக்கு எளிதன்று. செக்கனுக்கு இருபத்தெட்டு இலட்சம் ‘ஆம்’, ‘இல்லை’களை வடித்து, 44,100 எண்களாகச் சுருக்கும் இலக்கமுறை வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கான திரான்சிற்றர்கள் வேண்டும். அவற்றை ஒரு சில்லில் மலிவாக அடக்கும் தொழில் 1980ஆம் ஆண்டுகளிலேயே கைகூடியது. அன்று முதல் சில்லில் திருத்தமான தடையிகள் அரியனவாகவும், விரைவான எண்கணிதம் மலிந்ததாகவும் ஆயின. அரியதற்குப் பதிலாக மலிந்ததைப் பயன்படுத்துவதே பொறியியலின் இயல்பு.

இனி, இக்கருவியை வடிவமைப்பவர் முன் நிற்கும் தெரிவுகளைப் பார்ப்போம். அவை மூன்று: எத்துணை விரைவாக விடை கூறுவது, எத்தனை கொப்பிகளை வைப்பது, விடைக்கு எத்தனை படிகளைக் கொடுப்பது.

விரைவை மட்டும் இரட்டித்து, கணக்கு வைக்காதிருந்தால் அரைப் பிற்று அளவுக்கே நன்மை கிட்டும். ஒரு கொப்பி வைத்தால், விரைவு இரட்டிக்குந்தோறும் ஒன்றரைப் பிற்று கிட்டும். ஆயினும் ஒரே கொப்பியோடு 64 மடங்கு விரைவிற் பெறக்கூடியது, தூய கணக்கின்படி, ஏறக்குறைய 9 பிற்றுக்களின் திருத்தமே. இறுவட்டுக்குரிய 16 பிற்றை அவ்வழியிற் பெற விரும்பினால், செக்கனுக்கு 6 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வேண்டும்.

ஆதலால் இரண்டாவது கொப்பி வேண்டியதாகின்றது. முதற் கொப்பி எவ்வளவு கடன் என்பதைக் காட்டும். இரண்டாவது கொப்பி, அக்கடன் எத்தனை நாள் நின்றது என்பதைக் காட்டும். வட்டி கணக்கிடுபவர் இவ்விரண்டையும் பார்ப்பார். இரண்டையும் பார்த்து விடை கூறும் கருவியில், விரைவு இரட்டிக்குந்தோறும் இரண்டரைப் பிற்று கிட்டும். 64 மடங்கு விரைவில் ஏறக்குறைய 14 பிற்று. 256 மடங்கு விரைவில் ஏறக்குறைய 19 பிற்று என்பது தூய கணக்கு. பெல் ஆய்வுகூடத்தின் ஜேம்ஸ் கன்டி 1985இல் இவ்விரட்டைக் கூட்டல் முறையைத் தெளிவுற ஆராய்ந்து எழுதினார். 1987இல் பிலிப்ஸ் பொறியியலாளர் வெளியிட்ட சில்லு, இறுவட்டின் எண்களை ஒலியாக மாற்றுவதற்கு இரண்டு கொப்பிகளையும் 256 மடங்கு விரைவையுமே மேற்கொண்டது. எண்ணிலிருந்து அலைக்குச் செல்லும் அவ்வழியிற் கொப்பி கொள்ளளவியன்று, வெறும் எண்கணிதமே, தத்துவம் ஒன்றே.

அவ்வாறாயின் நான்கு, ஐந்து கொப்பிகளை வைத்து மேலும் நன்மை பெறலாமே என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் வடிவமைப்பவரின் சோதனை தொடங்குகின்றது. கடந்த காலத்தை அளவுக்கு மிஞ்சி ஆராய்பவர் நிகழ்காலத்திற் தடுமாறுவர். கொப்பிகள் இரண்டுக்கு மேற்பட்டால், அவை ஒரே கணத்தில் 300 ரூபாய் கொடு என்று கேட்கும் நிலை உண்டாகலாம். கையிலுள்ளதோ ஒரு தாள். கேட்டது கிடைக்காததால் நிலுவை பெருகும். பெருகிய நிலுவை மேலும் கேட்கும். முடிவில் கருவி பெருந்துடிப்பில் அகப்பட்டு, வரும் ஒலியை மறந்து தன் ஓலத்தையே ஒலிக்கும். இதனைத் தடுப்பதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. வாயிலில் முழு அளவுக்குக் குறைந்த ஒலியையே அனுமதித்தல் ஒன்று. பழைய கணக்குகளுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தணித்து, நன்மையிற் சிறிது விட்டுக்கொடுத்தல் மற்றொன்று. நிலுவை எல்லை மீறினால் கொப்பியைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கச் செய்தல் வேறொன்று. ஒற்றைப் பிற்றும் பல கொப்பிகளும் கொண்ட கருவி எந்நாளும் தடுமாறாது என்று எடுத்துக்காட்டும் பொதுச் சூத்திரம் இல்லாமையால், வடிவமைப்போர் கணினியில் இலட்சக்கணக்கான கணங்களை ஓட்டிப் பார்த்தே துணிவு கொள்கின்றனர்.

யப்பானியத் தந்தி-தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1987இல் வேறொரு வழியைக் காட்டினர். ஒரு கருவிக்குப் பல கொப்பிகளைக் கொடாது, ஒரு கொப்பி வைத்த மூன்று கருவிகளை வரிசையாக அவர்கள் நிறுத்தினர். முதற் கருவியின் பிழையை இரண்டாவது அளக்கும். இரண்டாவதின் பிழையை மூன்றாவது அளக்கும். மூன்றின் விடைகளையும் சேர்த்தால் இடைப் பிழைகள் ஒன்றையொன்று அழிக்கும். ஒவ்வொன்றும் எளியதாகையால் எதுவும் தடுமாறுவதில்லை. மாஷ் என்னும் பெயரால் இம்முறை வழங்கியது. ஆனால் கருவிகள் தம்முள் நன்கு பொருந்தாவிடின், முதற் கருவியின் பிழை முற்றாக அழியாது கசியும். ஆக, எவ்வழியிலும் நன்மைக்கு ஒரு விலை உண்டு.

மற்றுமோர் இடர், மெல்லிய ஒலியிலும் அமைதியிலும் தோன்றும். பாலின் விலை 10 சதமாக இருந்தால், சரியாக 1,000 நாளுக்கு ஒரு தடவையே தாள் போகும். செக்கனுக்கு 2,822,400 தடவை விடை கூறும் ஒற்றைக் கொப்பிக் கருவியில் இத்தகைய ஒழுங்கு ஏற்பட்டால், செக்கனுக்கு ஏறக்குறைய 2,822 அதிர்வுகள் கொண்ட ஒரு சீழ்க்கை பிறக்கும். அது செவிக்கு நன்கு கேட்கக்கூடியது. இசையில் இல்லாத ஒன்றைக் கருவி தானே பாடிவிடுகின்றது. இதனைத் தடுக்க, வடிவமைப்போர் வேண்டுமென்றே சிறிது ஒழுங்கற்ற இரைச்சலைக் கணக்கிற் சேர்ப்பர். ஒழுங்கு குலைந்ததும் சீழ்க்கை மெல்லிய, மாறாத இரைச்சலாகக் கரைந்துவிடும். செவி சீழ்க்கையைப் பொறாது, அவ்விரைச்சலைப் பொறுக்கும்.

கொப்பி எப்பிழையைத் திருத்தும், எப்பிழையைத் திருத்தாது என்பதையும் அறிதல் வேண்டும். நிலுவையைப் பார்த்து விடை கூறும் உறுப்பு தவறினால், அத்தவறு அடுத்த கணத்தின் நிலுவையில் வந்து திருத்தம் பெறும். ஆனால் வாயிலிலே புகுந்த பிழைக்கு மன்னிப்பில்லை. கொடுத்த தாள் கள்ளத்தாள் என்றால், கொப்பி அதனை நல்ல தாளென்றே எழுதிக்கொள்ளும். வாயிலிலுள்ள கொள்ளளவியின் வெப்ப இரைச்சல், காலத்தைக் குறிக்கும் மணித்துடிப்பின் தளம்பல், பின்னூட்டல் வழியின் திருத்தமின்மை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அக்கொள்ளளவியின் வெப்ப இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமாயின் அதனை நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். சில்லின் பரப்பும் மின்செலவும் கூடும். கணக்குத் திறமையினால் வாயிற்காவலை ஈடுசெய்ய இயலாது.

1999இல் இவையெல்லாம் ஒரு பெரும் விவாதமாக எழுந்தன. அவ்வாண்டு சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் புதிய ஒலித்தட்டு ஒன்றை வெளியிட்டன. அதில் ஒலி, எண்களாகச் சுருக்கப்படாது, செக்கனுக்கு 2,822,400 ஒற்றைப் பிற்றுக்களாகவே பதியப்பட்டது. பழைய ஒலிநாடாக்கள் நாளடைவில் அழிபவை; அவற்றிலுள்ள குரல்களை வருங்காலத்துக்கு வைத்துச் செல்வதற்கும் இதுவே உகந்த வடிவம் என்று சிலர் கருதினர். கனடாவின் வாட்டலூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்ஷிட்ஸ், வண்டர்கூய் என்னும் இருவரும் 2001இல் இதனை மறுத்து ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தனர். பிழை ஒலியோடு எவ்விதத் தொடர்புமின்றிச் சீரான இரைச்சலாக நிற்க வேண்டுமாயின், முன்கூறிய ஒழுங்கற்ற இரைச்சலை இரண்டு படிகளின் அகலத்துக்குச் சேர்த்தல் வேண்டும். ஒற்றைப் பிற்றுக் கருவியில் இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு படி. ஆகவே மருந்து கொள்ளும் அளவுக்குப் பாத்திரத்தில் இடமில்லை. முழு மருந்தையும் இட்டால் கருவி நிரம்பி வழியும் என்பது அவர்களின் வாதம்.

இவ்வாதத்தின் முக்கியம் எளிதில் விளங்கும். கேட்கும் கருவியிற் பிழை இருந்தால், நாளை வேறொரு கருவி வாங்கலாம். பதிந்து வைக்கும் வடிவத்திற் பிழை புகுந்தால், அப்பிழை பதிவோடு சேர்ந்து என்றும் நிற்கும். பாடியவர் மறைந்தபின் மீண்டும் ஒரு முறை பாடும்படி கேட்க இயலாது. அத்தட்டில் பதிந்த இசையை விரும்பிக் கேட்டோர் பலர். அதன் ஒலி இனிமையானதென்று வாதிட்டோரும் பலர். எனினும், கருவிகளை ஆக்குவோர் நடுவழி ஒன்றைப் பெரிதும் மேற்கொண்டனர். கணக்கு வைக்கும் முறையைக் கைவிடாது, விடைக்கு இரண்டு படிகளுக்குப் பதிலாகச் சில படிகளைக் கொடுத்தனர். 100 ரூபாய்த் தாளோடு சில சிறு தாள்களும் கையில் இருப்பது போன்றது இது. தடுமாற்றம் குறைகின்றது, மருந்துக்கும் இடம் உண்டாகின்றது.

ஆனால் தாள்கள் பலவானதும், அவை தம்முள் ஒத்திருக்க வேண்டும் என்னும் பழைய தொல்லை திரும்பி வருகின்றது. அதற்கும் கணக்கே துணை செய்தது. ஒத்த அளவினவாகச் செய்யப்பட்ட சிறு உறுப்புக்களை எப்போதும் ஒரே வரிசையிற் பயன்படுத்தாது, முறைவைத்துச் சுழற்றிப் பயன்படுத்துவர். ஒன்று சிறிது கூடியதாயும் மற்றொன்று சிறிது குறைந்ததாயும் இருந்தாலும், யாவும் சமமாகப் பங்கெடுப்பதால் அவற்றின் குறைநிறைகள் சராசரியில் மறைகின்றன. மறையாத பகுதி, செவிக்கு எட்டாத வேலியோரத்துக்கு ஒதுக்கப்படுகின்றது. குறையுள்ள உறுப்புக்களைக் கொண்டே திருத்தமான வேலையைப் பெறும் வழி இங்கும் அதுவே.

இன்று கைபேசிகளில் உள்ள கடுகளவான ஒலிவாங்கிகள் பலவற்றினுள்ளே, அதே ஒற்றைப் பிற்று வரிசையைத் தரும் பண்பேற்றி ஒன்று அமைந்திருக்கின்றது. ஒலிப்பதிவுக் கூடங்களின் உயர்தர மாற்றிகளிற் பெரும்பாலானவை பல படிகள் கொண்ட பண்பேற்றிகளைப் பயன்படுத்துகின்றன. எவ்விடத்துக்கு எது தகும் என்பதை வேலையின் தேவையே தீர்மானிக்கின்றது. பேச்சைக் கடத்துவதற்குப் போதியது, ஒரு நாட்டின் குரல்களைக் காத்து வைப்பதற்குப் போதாமலிருக்கலாம்.

டெல்டா-சிக்மா முறை பிழையே செய்யாத கருவியை ஆக்கவில்லை. ஒவ்வொரு கணமும் பெரும்பிழை செய்யும் கருவியை எடுத்து, செய்த பிழையை மறவாது எழுதி வைத்து, அடுத்த கணத்திலேயே அதற்கு ஈடுசெய்யுமாறு அதனைப் பழக்கியது. அங்ஙனம் ஒதுக்கிய பிழைக்குப் போதிய இடம் இருக்கின்றதா, வாயிலிற் புகுவது மெய்யானதா, கணக்குத் தன் எல்லைக்குள் நிற்கின்றதா என்னும் மூன்றையும் காப்பதே வடிவமைப்பவரின் கடமை. இவை மூன்றும் காக்கப்பட்டால், ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டே சொற்களிலிருந்தும் ஒரு வீணையின் கமகம் குறைவின்றிப் பிறக்கும்.